போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது ரெண்டு மணி நேரம்: கோவை–சிங்கப்பூர் தூரக் கணக்கு

எங்கள் பெரியம்மா கோபிசெட்டிபாளையத்தில், எங்கள் வாயில் கோபியில், இருக்கிறார். மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம், போய் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். மருமகன் டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன். "ஏங்கண்ணு, இதென்ன கணக்கு? போறப்ப ஏழு மணி நேரம் போட்டிருக்குது, வாரப்ப ரெண்டே மணி நேரம்? வாரப்ப பள்ளத்துல உருண்டு வர்ற மாதிரி வந்துருமா?"

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி சரியான கேள்வி. டிக்கெட்டில் இருந்த நேரத்தை எளிதாக இருக்கட்டும் என்று கொஞ்சம் உருட்டிச் சொல்கிறேன். கோவையில் ராத்திரி 12.30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை 7.30-க்கு இறங்கலாம். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினால் கோவையில் 10 மணிக்கு இறங்கலாம். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் பெரியம்மா சொன்னதுதான்: போக ஏழு, வர ரெண்டு.

கூகுளில் தேடினால் நாலரை மணி நேரம் என்று ஒரு எண், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று இன்னொரு எண். கோபியிலிருந்து கிளம்பும் ஆளுக்கு இந்த ரெண்டில் எதுவும் நேரடியாகப் பயன்படாது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் கடிகாரம். எல்லா டிக்கெட்டிலும் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் போகும்போது ரெண்டரை கூடுகிறது, வரும்போது ரெண்டரை கழிகிறது. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, போகவும் வரவும் ஏறத்தாழ ஒரே நேரம் பறக்கிற எந்த ரெண்டு ஊருக்கும் செல்லும். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: ஏழும் ரெண்டும் ஒன்பது, பாதி நாலரை. அதுதான் உண்மையில் விமானத்தில் உட்காரும் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் ஏழில் ரெண்டு போக ஐந்து, பாதி ரெண்டரை. அது கடிகார வித்தியாசம். எந்த ஊர் எந்த நேர மண்டலம் என்று தெரியாமலேயே டிக்கெட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பெரியம்மாவுக்கு இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார், நாற்பது வருசம் பால் கணக்கு எழுதிய ஆள்.

ஆனால் அந்த ரெண்டரை மணி நேரமும் முழுக்கச் சூரியன் கொடுத்த வித்தியாசம் அல்ல. பூமி ஒரு டிகிரி சுழல நாலு நிமிடம் ஆகும். கோவை கிழக்கே 77 டிகிரியில் இருக்கிறது, சிங்கப்பூர் 104 டிகிரியில். இடையில் 27 டிகிரி, நாலால் பெருக்கினால் 108 நிமிடம், அதாவது ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சூரியன் சிங்கப்பூருக்கு உச்சியில் வந்து ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து நமக்கு உச்சிக்கு வருகிறது, அவ்வளவுதான். மீதி நாற்பது நிமிடம் மனிதர்கள் செய்த ஏற்பாடு. இந்திய நேரம் 82.5 டிகிரியை வைத்துப் போட்டது, அந்தக் கோடு நமக்குக் கிழக்கே எங்கோ உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. அதனால் கோவையில் உண்மையான உச்சிவேளை சராசரியாக 12.22-க்கு. சிங்கப்பூரிலோ உச்சிவேளை மத்தியானம் ஒரு மணிக்கு மேல். அவர்கள் இருக்கும் இடத்துக்கு, லண்டன் பக்கத்து கிரீன்விச் கடிகாரத்தைவிட ஏழு மணி நேரம் முன்னால் ஓடும் மண்டலம்தான் பொருந்தும், ஆனால் எட்டில் இருக்கிறார்கள். 1981 முடியும் வரை ஏழரையில் இருந்தார்கள். தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைப் போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் கூடவே 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் சரியாக ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். கடிகாரம் இப்படி முன்னால் தள்ளி இருப்பதால்தான் அங்கே வருசம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது.

பெரியம்மா விமானம் இறங்கும் 7.30 நம் நேரப்படி காலை ஐந்து. அவர் தினமும் மாட்டுக்குத் தீவனம் வைக்க எழுந்திருக்கும் நேரம் அது. அப்புறம் என்ன, உடம்புக்கு வித்தியாசமே தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். விமானத்தில் தூங்கினால்தானே தெரியும் என்கிறார்.

சரி, தூரத்துக்கு வருவோம். பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 3,160 கிலோமீட்டர். இந்த எண் எப்படி வருகிறது என்பது கடினமே இல்லை. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் கோவையையும் சிங்கப்பூரையும் நூல் பிடித்து இழுத்தால் இடைவெளி ஏறத்தாழ இருபத்தெட்டரை டிகிரி. பெருக்கிக்கொள்ளுங்கள். விமானிகள் கடல் மைலில் பேசுவதற்கும் இதுதான் காரணம்: ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்று கணக்கு சுலபமாக முடிகிறது. இருபத்தெட்டரை டிகிரிக்கு 1,710 கடல் மைல் வருகிறது.

இந்த நூல் எந்தெந்த ஊர் மேல் போகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பீளமேட்டிலிருந்து கிழக்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து கிளம்புகிறது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே புகுந்து, அரவக்குறிச்சியை ஒட்டி, புதுக்கோட்டைப் பக்கமாகப் போய்க் கடலில் இறங்கி, கோடியக்கரைக்குச் சற்றுத் தெற்கே கடந்து போகிறது. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஒரு கீற்று தள்ளிப் போய் அப்புறம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல்தான். சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே பகுதியில் கரை ஏறி, மேடான் நகரத்தை ஒட்டி, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர். கோடியக்கரைக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி இருப்பது நாகப்பட்டினம். அந்தக் காலத்தில் சிங்கப்பூர், மலாயா போனவர்கள் கப்பல் ஏறிய துறைமுகம். ராஜுலா கப்பல், அதற்கப்புறம் சிதம்பரம் கப்பல் என்று 1980-களின் நடுப்பகுதி வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தன. ஏறினால் ஒரு வாரம் போல ஆகும். விமானம் இன்று போவதும் கிட்டத்தட்ட அதே கடல் வழிக்கு மேலேதான், பதினோரு கிலோமீட்டர் உயரத்தில்.

விமானம் வளைந்து போகும், வரைபடத்தில் நேர்கோடு போடக்கூடாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வடக்கே இருக்கும் ஊர்களுக்கு அது உண்மை; டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானம் வடதுருவப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது அதனால்தான். ஆனால் நாமும் சிங்கப்பூரும் ரெண்டு பேருமே பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் உண்மையான குறுக்கு வழியிலிருந்து நடுவில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் விலகாது. மூவாயிரத்தில் இருபத்தைந்து ஒன்றுமே இல்லை.

ஆனாலும் விமானம் அந்த நூலின் மேல் போவதில்லை. வானத்திலும் சாலை உண்டு, பெயர் வைத்த திருப்பங்கள் உண்டு, ஒரு நாட்டின் கட்டுப்பாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கட்டுப்பாட்டுக்குக் கைமாற்றும் இடங்கள் உண்டு. மேகம் கறுத்தால் ஒதுங்கிப் போக வேண்டும். கோவையில் கூடுதலாக ஒன்று: பீளமேட்டுக்குப் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது, போர் விமானங்களும் பறக்கும் வானம், அதனால் நினைத்த திசையில் நினைத்தபோது திரும்பிவிட முடியாது. ஆகவே பறக்கும் தூரம் நூல் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

இப்போது நேரம். இந்தத் தடத்தில் ஓடுவது ஏர்பஸ் 320 குடும்பத்து விமானங்கள். மேலே போய் நிதானமானதும் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம். 3,160-ஐ 830-ஆல் வகுத்தால் மூணேமுக்கால் மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ நாலரை. முக்கால் மணி நேரம் எங்கே போனது?

கொஞ்சம் ஏறுவதிலும் இறங்குவதிலும் போனது. தரையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உயரம் ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும், அதுவரை முழு வேகம் கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர். இறங்குவதும் அப்படித்தான், இருநூறு கிலோமீட்டருக்கு முன்னாலேயே இறங்க ஆரம்பித்துவிடும். இன்னொரு பங்கு தரையில் போனது. டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கும்போது தொடங்கி, அந்த ஊரில் போய் நிற்கும்போது முடிகிற நேரம். கோவை சின்ன நிலையம், சீக்கிரம் ஓடுதளத்துக்கு வந்துவிடும். சாங்கியில் இறங்கிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் டவுன் பஸ் மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். வந்தாச்சு என்று எல்லோரும் பெல்ட்டைக் கழற்றுவார்கள், உட்காருங்கள் என்று அறிவிப்பு வரும்.

மூன்றாவது பங்கை நிறுவனங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பார்கள். தாமதமாகக் கிளம்பினாலும் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லலாம். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இருந்தால் சரியான நேரம் என்றுதான் நம் நாட்டு விமானத் துறைக் கணக்கும். "இருபது நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தோம்" என்று உள்ளே பெருமையாக அறிவிக்கும்போது நான் கைதட்டுவதில்லை. அது முதலிலேயே கூட்டி வைத்த இருபது நிமிடம்.

இதையெல்லாம் சென்னைத் தடத்தோடு வைத்துப் பார்த்தால் விசயம் இன்னும் விளங்கும். கோவை–சென்னை நேர்கோட்டில் 404 கிலோமீட்டர் போல. 830 வேகத்தில் போனால் அரை மணி நேரம்கூட ஆகக்கூடாது. ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. ஏற இருநூறு கிலோமீட்டர், இறங்க இருநூறு கிலோமீட்டர் என்றால் நடுவில் ஓடுவதற்கு இடமே இல்லை, ஏறி முடித்ததும் இறங்க வேண்டியதுதான். தண்ணீர் பாட்டில் கொடுத்து முடிப்பதற்குள் குப்பை வாங்க வந்துவிடுவார்கள். மொத்தமாக வகுத்துப் பார்த்தால் சென்னைக்குப் போகும்போது சராசரி வேகம் மணிக்கு 320, 330 கிலோமீட்டர்தான். அதே விமானம் சிங்கப்பூருக்குப் போகும்போது சராசரி 700. தூரம் எட்டு மடங்கு, நேரம் நாலு மடங்குகூட இல்லை. குட்டித் தூரத்தில் விமானத்தின் வேகமெல்லாம் ஏற்ற இறக்கத்திலேயே கரைந்துவிடுகிறது.

ரயில் கணக்கு வேறு மாதிரி. கோவையிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குத் தண்டவாளத்தில் 497 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓட ஆரம்பித்தபோது ஐந்து மணி ஐம்பது நிமிடம் என்று குறித்தார்கள். கோவைக்காரர்கள் இதையும் விமானத்தையும் ஒப்பிட்டுச் சண்டை போடலாம். ஈரோட்டுக்காரர் போடவே தேவையில்லை. அவர் விமானம் ஏற வேண்டுமானால் கிழக்கே இருக்கும் சென்னைக்குப் போவதற்கு முதலில் மேற்கே தொண்ணூறு கிலோமீட்டர் வர வேண்டும், அப்புறம் அதே தொண்ணூறைத் தலைக்கு மேலே திரும்பக் கடக்க வேண்டும். வீட்டிலிருந்து பீளமேடு ரெண்டு மணி நேரம், உள்ளே ஒன்றரை மணி நேரம், பறக்க ஒன்றேகால், மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி நேரம். கூட்டினால் ஐந்தேகால். வந்தே பாரத் ஈரோட்டில் நின்றுதான் போகிறது, அங்கிருந்து நாலரை மணி நேரம் போலத்தான். நடுவில் ஒரு தடவைகூட இடுப்புப் பட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

சிங்கப்பூருக்கு இந்தச் சண்டை கிடையாது, தண்டவாளம் கடலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த விமான நிலையம் என்கிற கேள்வி உண்டு. கரூர்க்காரருக்குப் பீளமேடு நூற்றிருபது கிலோமீட்டர் போல, திருச்சி எண்பது போல. வானத்திலும் திருச்சி–சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டர்தான், கோவையைவிட 180 குறைச்சல். தரையிலும் வானிலும் ரெண்டு பக்கமும் லாபம், விமானங்களும் அங்கே அதிகம். கரூரில் யாரும் கோவைக்கு வருவதாக நான் பார்த்ததில்லை. கோபிக்கு நிலைமை நேர்மாறு.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது, அதிலும் கொங்கில் உட்கார்ந்துகொண்டு. கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், மேற்கே வரும் விமானம் மெதுவாக வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் பக்கம் அது சரி, அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் கோவையிலிருந்து சார்ஜா போகிறவர்கள்கூட அதன் ஓரத்தைத் தொடுவார்கள், அரபு நாட்டை நெருங்க நெருங்க எதிர்க்காற்று ஏறும். போகும் நேரம் கூடுதல், வரும் நேரம் குறைச்சல். ஆனால் நம் தலைக்கு மேலே, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. இதை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம், 1958-இல். அதன் மையம் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே, பதினாலு பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது, ஆனால் அதன் தாக்கம் பதினோரு கிலோமீட்டரிலும் உண்டு. அதனால் ஆடி மாதம் சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, வருகிற விமானத்துக்குப் பின்காற்று. உதாரணத்துக்கு மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், போகும்போது தரை வேகம் 780, வரும்போது 880. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம் வந்துவிடும். பெரியம்மா சொன்ன "பள்ளத்துல உருண்டு வர்ற" கதை ஆடி மாதத்துக்கு ஓரளவு நிஜம்தான்.

வேடிக்கை என்னவென்றால் அதே ஆடியில் தரையில் அடிப்பது மேற்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் விட்ட வாசல். அது வழியாகத்தான் பல்லடம், உடுமலை, கேத்தனூர் காற்றாலைக் காத்தாடிகளெல்லாம் சுற்றுகின்றன, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிக்கொண்டே நாம் தென்னை மட்டையைப் பொறுக்குகிறோம். கீழே மேற்கிலிருந்து, மேலே கிழக்கிலிருந்து. பீளமேட்டு ஓடுதளத்தைப் பாருங்கள், வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்கு முனையைக் கோடு போட்டு நீட்டினால் கிட்டத்தட்ட பாலக்காட்டு வாசலிலேயே போய் முட்டும். விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான். ஆகவே ஆடியில் சிங்கப்பூர் போகிற விமானம் முதலில் கேரளாவைப் பார்த்து எழும்பி, அப்புறம் வளைந்து திரும்பித்தான் கிழக்கே போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து "தப்பான பக்கம் போகுது" என்று பயந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஓடுதளம் என்றதும் இன்னொன்று. கோவை ஓடுதளம் 2,990 மீட்டர், நிலையம் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில். ஏர்பஸ் 320 வகைக்கு இது தாராளம். எரிபொருளை நிரப்பிக்கொண்டு ஐரோப்பா வரை போகிற பெரிய விமானத்துக்கு, அதுவும் சித்திரை வெயிலில் காற்று லேசாகிக் கிடக்கும்போது, இதைவிட நீளம் இருந்தால்தான் முழுச் சுமையோடு நிம்மதியாக எழும்ப முடியும். ஓடுதளத்தை நீட்டும் பேச்சு எத்தனையோ வருசமாக நடக்கிறது. அதுவரை நமக்கு நேரடித் தூரம் என்பது சிங்கப்பூரும் வளைகுடாவும்தான், அதற்கு மேல் வேறு ஊரில் மாற வேண்டும்.

இனி பெரியம்மாவுக்கு உண்மையில் தேவைப்படும் கணக்கு. 12.30 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள், அதாவது ஒன்பதரை. செக்-இன் கவுண்ட்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், அப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. கோபியிலிருந்து குன்னத்தூர், பெருமாநல்லூர், அவினாசி, கருமத்தம்பட்டி வழியாக எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம், நடுவில் ஒரு டீ. ஆகவே ஏழு மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். அந்தப் பக்கம் 7.30-க்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து (பருப்புப் பொடி, நாட்டுச் சர்க்கரை, பிரசவ லேகியம் என்று ரெண்டு பெட்டி), மகள் வீடு போய்ச் சேர அங்கே ஒன்பதரை. நம் நேரத்தில் காலை ஏழு. சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஏழு, சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். அதில் பறப்பது நாலரை.

இதை எழுதும்போதுதான் தோன்றியது. நம் முன்னோர்கள் தூரத்தை நாழிகைவழி என்றுதான் அளந்திருக்கிறார்கள். ஒரு நாழிகை நடக்கிற தூரம் ஒரு நாழிகைவழி, அது பல சேர்ந்தால் காதம். தூரம் எவ்வளவு என்று கேட்டால் நேரத்தில் பதில். கால்நடையாகப் போகிறவருக்கு வேகம் ஒன்றுதான், அதனால் தூரமும் நேரமும் ஒன்றே. நாழிகைக்கு 24 நிமிடம் என்றால் பெரியம்மா பயணம் முப்பது நாழிகைவழி, ஒரு முழு ராத்திரி. கூகுள் சொல்வது பதினொன்றே கால் நாழிகை. எங்கள் அப்பாரு இருந்திருந்தால் முப்பதைத்தான் ஒத்துக்கொள்வார்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது தூரத்திலும் இல்லை, வேகத்திலும் இல்லை, தேதியில் இருக்கிறது. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 12.30 என்று போட்டிருந்தால் அது 14-ஆம் தேதி ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய விமானம். நம் பழக்கத்தில் விடிந்தால்தான் அடுத்த நாள், கடிகாரத்துக்குப் பன்னிரண்டு அடித்தாலே அடுத்த நாள். என் பங்காளி ஒருவர் 15-ஆம் தேதி ராத்திரி மாலை மரியாதையோடு, வழியனுப்ப ரெண்டு கார் நிறைய ஆட்களோடு பீளமேடு போய் இறங்கினார். அவருடைய விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாலையைக் கழற்றாமலேயே திரும்பி வந்தார்கள். அதனால் பெரியம்மா வீட்டுக் காலண்டரில் 14-ஐத்தான் சிவப்பு மசியில் சுழித்துவிட்டு வந்திருக்கிறேன், பக்கத்தில் "சாயங்காலம் ஏழு" என்றும் எழுதிவிட்டேன்.

எல்லாம் கேட்டுவிட்டு பெரியம்மா யோசித்தார். "அப்ப வாரப்ப எட்டு மணிக்கு ஏறுனா பத்து மணிக்கு எறங்கீருவேன். ராத்திரிச் சோத்துக்கு வீட்டுக்கு வந்தரலாமல்லோ?"

"பத்து மணிக்கு எறங்கி வெளிய வரப் பதினொண்ணு ஆயிருமுங்க பெரியம்மா. கோபி வந்து சேர மணி ஒண்ணு."

"அப்பச் செரி, பழைய சோத்துல தண்ணி ஊத்தி வெக்கச் சொல்லீரு."